ஒன்பதாம் நம்பரில் ஒரு சாண் கம்பி

பதினெட்டு வருட வேலையில் எனக்கு ஒரே ஒரு மெமோதான் வந்தது. அதுவும் ஒரு சாண் செப்புக் கம்பிக்காக வந்தது. ‘ஒன்பதாம் எண் இயந்திரத்தை முழுமையாகக் காலி செய்து ஒப்படைக்கத் தவறியமைக்கு விளக்கம் தேவை’ என்று எழுதியிருந்தார்கள். விளக்கம் எழுத உட்கார்ந்தபோது முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கிற வீட்டில் பிறந்த யாரும் செய்யக்கூடிய தப்பைத்தான் நான் செய்திருந்தேன். அதைக் கம்பெனித் தமிழில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி வாஷிங் மெஷின் செய்கிறது. நான் இருந்தது மோட்டார் வைண்டிங் பகுதியில். இரும்பு வளையத்தின் பள்ளங்களில் செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி மோட்டாருக்குக் காயில் என்கிற கம்பிச்சுருள் போடுகிற இடம் அது. இருபத்திரண்டு மெஷின்கள், ஷிப்டுக்கு இருபத்திரண்டு பெண்கள். கம்பி உருளையிலிருந்து கிளம்பி, ஏழு சின்னச் சக்கரங்களில் ஏறி இறங்கி, இரண்டு கம்பளித் துண்டுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வந்து, கடைசியில் நாசில் என்கிற மெல்லிய குழாய் வழியாக வளையத்துக்குள் போகும். இழுப்பு கூடினால் அறுந்துவிடும். குறைந்தால் காயில் தொளதொளவென்று ஆகி மோட்டார் சூடேறிவிடும். கம்பிமேல் விரலை வைத்தாலே இழுப்பு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது கைவந்ததைப் பார்த்து இன்ஜினியருக்கு ஒரே ஆச்சரியம். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நடக்கப் பழகும்போதே, தறிக்கு நீளமாக இழுத்துக் கட்டிய பாவு இழைகளில் கால் பட்டுவிடக் கூடாது என்று அடி வாங்கி வளர்ந்தவள் நான். பட்டாக இருந்தால் என்ன, செப்பாக இருந்தால் என்ன, இழை இழைதான்.

எனக்குப் பக்கத்து மெஷினில், பத்தாம் நம்பரில், முசரவாக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான். எங்கள் கம்பெனியில் ஹெல்பருக்கு மஞ்சள் நாடா, ஆப்பரேட்டருக்கு நீல நாடா. மஞ்சளில் சேர்ந்தவள் நாலு வருடத்தில் நீலம் வாங்கினாள். அந்த நீல நாடாவோடு சர்ச்சுக்கும் போகிறாயாமே என்று நாங்கள் அவளைச் சீண்டிக்கொண்டே இருப்போம். ஒருநாள் அவளே ஒப்புக்கொண்டாள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் மேனேஜர் எங்கள் பகுதிக்கு வந்தார். பயிற்சி ஆளாகச் சேர்ந்து மேலே வந்தவர், கெட்டவர் இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து மோட்டார் முழுசாகவே வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்துவிடும். வைண்டிங் பகுதி மூடப்படுகிறது. யாரையும் வெளியே அனுப்பவில்லை, எல்லோரையும் லைனுக்கு மாற்றுகிறோம். காரணத்தையும் சொன்னார். நாம் வாங்குகிற செப்புக் கம்பியின் விலையைவிட அங்கிருந்து வருகிற முழு மோட்டாரின் விலை குறைவாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூல் விலைக்கும் கீழே ஒருத்தன் முழுப் புடவையைக் கொண்டுவந்து விற்றால் எப்படி இருக்கும்? அது எப்படி சார் முடியும் என்று கேட்டேன். அங்கே கம்பி இழுக்கிறவன், அதற்கு எனாமல் பூசுகிறவன், இரும்பு வளையம் வெட்டுகிறவன், வார்னிஷ் காய்ச்சுகிறவன் எல்லோரும் ஒரே சாலையில் இருக்கிறார்கள் என்றார். தானாக அமையவில்லையாம். எதை நாமே செய்வது, எதை வெளியிலிருந்து வாங்குவது என்று அந்த நாட்டில் பல வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து முடிவு செய்து, அதற்குத் தகுந்த மாதிரி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்களாம்.

“நம்ம ஊர்ல யார் சார் முடிவு பண்றாங்க?” என்று பத்தாம் நம்பர் கேட்டாள்.

அவர், டீ ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் யாரும் சண்டைகூடப் போடவில்லை. சண்டை போடுவதற்கு எதிரில் ஆள் வேண்டுமே.

கடைசி நாள் மத்தியானம், ஒவ்வொருவரும் தங்கள் மெஷினைக் காலி செய்து துடைத்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லோரும் கம்பியை உருவி எடுத்தார்கள். நானும் உருளையைக் கழற்றினேன், எண்ணெய் துடைத்தேன், தூசி தட்டினேன். ஆனால் சக்கரங்களில் ஓடி நாசில் வரைக்கும் போயிருந்த கம்பியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. உருளைப் பக்கத்தில் ஒரு சாண் தொங்கும்படி நறுக்கி, ஒரு சுருக்குப் போட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

தறியில் பாவு தீர்ந்து கடைசிப் புடவையை அறுக்கும்போது யாரும் அடியோடு அறுக்க மாட்டார்கள். இழைகளை ஏற்றி இறக்குகிற விழுதிலும், சீப்பு மாதிரி இருக்கிற அச்சிலும் கோத்த இழைகளைக் கொஞ்ச நீளம் அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். பிணைத்து இழுத்தால் புதுப் பாவு தானாக அச்சுக்குள் வந்துவிடும். அந்த மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டால் அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோக்க வேண்டும். வேலை இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கிற தறியில்கூட மிச்ச இழை இருக்கும். அதைத் ‘தறி நிக்குது’ என்போம். இழையையும் எடுத்துவிட்டால்தான் ‘தறியை அவுத்துட்டாங்க’ என்போம். நிற்கிற தறிக்கும் அவிழ்த்த தறிக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தெருவில் பேசத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மெஷின் பழக்கிய நாளில் பத்தாம் நம்பருக்கு இதையெல்லாம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். கம்பி தீரும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்து, சாம்பல் கொண்டுவந்தாயா என்று கேட்டுச் சிரிப்பாள்.

மெமோவுக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம், ‘பழக்க தோஷம்’. இரண்டே வார்த்தை. அதற்குள் பகுதியைப் பூட்டிவிட்டார்கள், கம்பியை எடுக்க யாரும் மெனக்கெடவில்லை.

லைனில் எங்களுக்குக் கொடுத்த வேலை பெட்டி பிரிப்பது. அட்டைப் பெட்டியைக் கீறி, தெர்மாகோலை உருவி, மோட்டாரைத் தூக்கி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இதற்கு ஆப்பரேட்டர் தேவையில்லை என்று எல்லோருக்கும் மஞ்சள் நாடா கொடுத்துவிட்டார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை, நாடாதான் மாறியது. முசரவாக்கத்துப் பெண் மஞ்சள் நாடாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், கழுத்தில் மாட்டவில்லை. காவலாளி கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுவாள்.

முழுதாக முடிந்த வாஷிங் மெஷினின்மேல் நம் நாட்டில் தயாரானது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். மோட்டார் பெட்டியில் வர ஆரம்பித்த பிறகும் அதே ஸ்டிக்கரைத்தான் ஒட்டினோம். ஒருநாள் ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண் வராததால் என்னை நிறுத்தினார்கள். முதல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது, திருகாணிகளை நாங்கள்தானே முடுக்கினோம். எனக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே என்னைக் கிண்டல் செய்தார். நம்ம பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, அதற்கு மட்டும் காஞ்சிபுரம் என்று பெயர் வைக்கலாமா என்றார். நெசவு இங்கேதானே நடக்கிறது என்று நான் சீறினேன். அவர் ஊடை இழை ஓட்டுகிற தறி நாடாவைக் கையில் பிடித்து நிறுத்தினார்.

“அதான். நெசவையும் ஒருத்தன் பொட்டில போட்டு அனுப்பிட்டான்னு வச்சிக்கோ, அப்புறம் நமக்கு மடிக்கிற வேலதான்” என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதத்தில் பத்தாம் நம்பர் வேலையை விட்டுவிட்டாள். “மஞ்ச நாடா வச்சிக்கினு கம்பெனி பஸ்ல ஏற முடியலக்கா” என்றாள். ஊருக்குள் ஒரு பட்டுக் கடையில், வருகிறவர்களுக்குப் புடவையை எடுத்து விரித்துக் காட்டுகிற வேலைக்குப் போனாள். வைண்டிங்கைத் திறந்தால் முதலில் அவளைக் கூப்பிட வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனாள்.

பிறகு ஒருநாள் லாரிகள் வந்தன. மெஷின்களைப் பழைய விலைக்கு விற்றுவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் வைண்டிங் பகுதிக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். தரையில் வரிசையாகச் சதுரச் சதுரமாகத் தடங்கள் மட்டும் இருந்தன. போல்ட்டைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள். அந்த வெறும் தரையின் நடுவில் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு ஒரே ஒரு மெஷின் நின்றது. ஒன்பதாம் நம்பர்.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பட்டியல் எடுக்க வந்தவர் அதில் கம்பி கோத்திருப்பதைப் பார்த்து ‘உபயோகத்தில் உள்ளது’ என்று எழுதிவிட்டாராம். உபயோகத்தில் உள்ளதை விற்க முடியாது, அதைத் திருத்தத் தலைமை அலுவலகத்தில் கையெழுத்து வேண்டும், அதற்கு யாருக்கும் நேரமில்லை. எனக்கு மெமோ வாங்கிக் கொடுத்த அதே கம்பி மெஷினைக் காப்பாற்றிவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் பெட்டி வருவது நின்றுபோனது. மோட்டாருக்குள் வைக்கிற ஏதோ ஒரு பொருள் வெளியே போகக் கூடாது என்று அந்த நாடு தடை போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். முதல் வாரம் இருப்பில் இருந்ததை வைத்து ஓட்டினோம். இரண்டாவது வாரம் லைன் நின்றது. நானூறு பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தடைப்பொருள் இல்லாமலே ஓடிய எங்கள் பழைய மோட்டாரின் நினைப்பு அப்போதுதான் அவர்களுக்கு வந்தது. மேனேஜர் வந்து என்னைக் கையோடு வைண்டிங் பகுதிக்கு அழைத்துப் போனார்.

பிளாஸ்டிக் தாளை உருவினேன். நான் போட்ட சுருக்கு அப்படியே இருந்தது, வெட்டிய முனை மட்டும் கறுத்திருந்தது. கிடங்கின் மூலையில் மிஞ்சிக் கிடந்த ஓர் உருளைக் கம்பியையும் ஒரு கூடை வளையங்களையும் கொண்டுவந்தார்கள். பழைய கம்பியோடு புதுக் கம்பியை முறுக்கி மெதுவாக இழுத்தேன். ஏழு சக்கரங்களையும் கடந்து, கம்பளியைக் கடந்து, நாசிலில் வந்து எட்டிப் பார்த்தது. முதல் காயில் முடிந்ததும் விரலை வைத்துப் பார்த்தேன், இழுப்பு சரியாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். மேனேஜர் கைதட்டினார்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. காயிலை வார்னிஷில் தோய்த்து அடுப்பில் சுட வேண்டும். அடுப்பு மெஷின்களோடு போய்விட்டது. வார்னிஷ் பதம் தெரிந்தவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். மேனேஜர் என் எதிரிலேயே, போனை ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாசில் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர், எங்கள் ஆர்டர் நின்றதும் லேத்தை விற்றுவிட்டுத் தண்ணி கேன் ஏஜென்சி எடுத்துவிட்டாராம். இரும்பு வளையம் வெட்டிக் கொடுத்தவர் அதை வெட்டுகிற அச்சுகளை எடைக்குப் போட்டுவிட்டாராம். எங்கள் அளவுக் கம்பியை இழுப்பதையே விட்டுவிட்டதாகக் கம்பிக்காரர் சொன்னார். இருபத்தொரு மெஷின்தான் போனது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேனேஜர் விடவில்லை. வேறு எங்கோ பேசி ஐந்து மெஷினையும் ஒரு அடுப்பையும் வாடகைக்கு வரவழைத்தார், கம்பிக்கும் வளையத்துக்கும் வெளியூரில் சொல்லிவைத்தார். ஆட்டோக்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டார். பழைய பெண்களை அழைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பலர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்கள். நான் கொடுத்த வாக்குப்படி முதல் போன் முசரவாக்கத்துக்குத்தான் போட்டேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எத்தன நாளைக்குக்கா?”

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். மேனேஜர் எத்தனை நாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் பாவைப் பிணைத்துவிட்டு நெய்யாமல் விடுகிறவர்கள் கிடையாது. பிணைத்தாகிவிட்டது, இனி ஓடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“நெரந்தரந்தாம்மா. நீ வா” என்றேன்.

அவள் பட்டுக் கடையில் சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். முகூர்த்த நேரத்தில் விட்டுப் போகிறாயே, திரும்ப வந்து நிற்காதே என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினாராம். திங்கட்கிழமை வருகிறேன் என்று எனக்குப் போன் செய்தாள். குரலில் அவ்வளவு குஷி.

சனிக்கிழமை மத்தியானம் கண்டெய்னர் வந்துவிட்டது. தடை தளர்ந்துவிட்டதாம். கம்பெனியில் எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் வைண்டிங் பகுதிக்கு வந்து, போதும்மா, திங்கட்கிழமையிலிருந்து பழையபடி லைனுக்குப் போய்விடுங்கள் என்றார். என் கையில் வெட்டுக் குறடு இருந்தது.

“சார், நிறுத்துறதா, அவுக்குறதா?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. தறி நிற்பதற்கும் தறியை அவிழ்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். மறுபடி ஓடப்போகிறது என்றால் கம்பியை விடுகிறேன், ஓடாது என்றால் வெட்டுகிறேன், எனக்கு ஒரு பதில் வேண்டும், திங்கட்கிழமை ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு வருகிறாள் என்றேன். அவர் முகம் மாறியது. அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவர்கள், வெளிநாட்டு மோட்டாருக்கு அரசாங்கம் வரி போட்டால் இங்கேயே செய்யலாம், போடாவிட்டால் முடியாது என்றார்கள். போடுமா என்று இவர் கேட்டார். அது யாருக்கும் தெரியாது, போன வருடம் ஒன்று சொன்னார்கள், இந்த வருடம் வேறு சொல்கிறார்கள், அடுத்த வருடம் என்ன சொல்வார்களோ என்றது அந்தக் குரல்.

மேனேஜர் போனை வைத்தார். “யாரும் இன்னும் முடிவு பண்ணலமா” என்றார்.

வைண்டிங்கை மூடியதற்குக்கூட நான் இவ்வளவு அதிர்ந்து போகவில்லை. எங்கள் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் தொங்கும். எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று துளை போட்ட அட்டைகள். நெய்கிறவருக்கு முழு டிசைன் தெரிய வேண்டியதில்லை, அட்டை அடித்தவருக்குத் தெரியும். நாட்டுக்கும் அப்படி ஒரு அட்டை எங்கேயோ மேலே தொங்குகிறது, நல்லதோ கெட்டதோ யாரோ யோசித்துத்தான் எங்களை ஏற்றுகிறார்கள் இறக்குகிறார்கள் என்று நம்பியிருந்தேன். என்னை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன். மேலே பெட்டியில் அட்டையே இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். தைரியம் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

திங்கட்கிழமை காலையில் முசரவாக்கம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் நின்றது. அவள் ஏறினாள். தலையில் பூ, கழுத்தில் அந்தப் பழைய நீல நாடா. இத்தனை நாள் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறாள். என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“சாம்பல்க்கா. பிணைக்கிறதுக்கு” என்று சிரித்தாள்.

அப்போதுதான் சொன்னேன். கண்டெய்னர் வந்தது, மேனேஜர் சொன்னது, நான் கேட்காமல் வாக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கம்பெனி வாசல் தெரிந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

“நிறுத்தி வச்சிருக்காங்களா, அவுத்துட்டாங்களாக்கா?”

“தெரியலமா. யாருக்கும் தெரியல.”

அவள் என் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து, சிந்தாமல் மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு கழுத்திலிருந்து நீல நாடாவைக் கழற்றினாள்.